வாசலோடு போனவர்

சாரம்மாளை உட்கார வைத்து இலை போட்டு, "இன்னொரு கை சோறு வைக்கட்டா?" என்று கேட்டவர்கள் அவளுடைய முப்பது வயதுக்குள் மிகவும் குறைவு. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பரிமாறுகிறவர்கள் பக்கம்தான் போய் நிற்பாள். அப்பா காலராவில் போன கொஞ்ச நாளிலேயே அம்மாவும் போய்விட்டாள். அப்போது சாரம்மாளுக்குப் பதினைந்து வயது, தம்பி சாலமோனுக்கு ஆறு. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டே, பிறகு அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு வாத்திச்சியாக இருந்துகொண்டே அவனைக் குளிப்பாட்டினாள், சோறூட்டினாள், படிக்க வைத்தாள். அவன் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக உட்கார்ந்த மறுவருஷமே எலிசபெத் என்ற நல்ல பெண்ணைப் பார்த்துக் கட்டியும் வைத்தாள்.

அந்தத் தம்பிதான் கோடை லீவு விட்டதும் வந்து சொன்னான்.

"யக்கா, முறைக்காய்ச்சல் வந்து ஒன் ஒடம்பு துரும்பாப் போச்சு. அம்பாசமுத்திரத்துல ஒரு ஓட்டல் இருக்கு. நம்ம சபை ஆளுக நடத்துதாக. ரூமும் உண்டு, சாப்பாடும் உண்டு, ஆத்தங்கரை வேற. ஒரு வாரம் போயி இருந்துட்டு வா."

"ஏலே, ஒனக்குக் கிறுக்கா? எலிசபெத்து மாசமா இருக்கா. அவளை விட்டுட்டு நான் ஓட்டல்ல போயி உக்காந்து திங்கவா?"

"அவ அம்மா வந்திருக்காகள்லா. நீ போக்கா. இத்தனை வருசம் எனக்குச் செஞ்சே. ஒரு தடவை நான் ஒனக்குச் செய்யக் கூடாதா?"

அதைக் கேட்டதும் சாரம்மாள் எழுந்துவிட்டாள். அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வளர்த்த பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று அன்றைக்கு ஜெபத்தில் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகிற வண்டி. சாலமோன் கூடவே வந்து கொண்டுபோய் விட்டான். ஓட்டல் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து, வயல்வெளியைத் தாண்டி ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. ஒரு காலத்தில் யாரோ ஒரு என்ஜினியர் துரைக்குக் கட்டின ஓட்டு வீடு. அதை நடத்தியவள் ஞானப்பூ என்ற விதவை. அவள் புருஷன் காட்டிலாகா துரைமாருக்கு பட்லராக இருந்து செத்துப்போனவர். அதனால் ஊரில் அதற்கு பட்லரம்மா ஓட்டல் என்றே பேர். தங்குவதற்கு மூன்று அறைகள். நடுக்கூடத்தில் ஒரு நீள மேசை, இரண்டு பக்கமும் நாற்காலிகள். மேசைமேல் வாழையிலை போட்டுப் பரிமாறுவார்கள். மரக்கடைக்காரர்கள், மில்லுக்கு வருகிற குமாஸ்தாக்கள், பாவநாசம் அருவி பார்க்க வருகிறவர்கள் என்று மத்தியானத்தில் கூட்டம் இருக்கும்.

சாலமோன் அக்காவை அறையில் விட்டுவிட்டு, ஞானப்பூவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் பேசினான். ஜன்னல் வழியாக சாரம்மாள் அதைப் பார்த்தாள். தனக்குக் கஞ்சி எப்போது, கஷாயம் எப்போது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். போகும்போது அவன் அவள் கையைப் பிடித்து, "சனிக்கிழமை மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீ எங்கயும் அலையாத, பைய இருந்து ஒடம்பைத் தேத்து" என்றான். அவன் கை வேர்த்திருந்தது. சித்திரை வெயில், யாருக்குத்தான் வேர்க்காது.

முதல் நாள் முழுக்க சாரம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடுவாள். "வாத்திச்சியம்மா, இங்கன வந்தியள்னா நான் ஒங்க தம்பிகிட்ட சொல்லிருவேன்" என்று ஞானப்பூ விரட்டுவாள். மறுநாளிலிருந்து பழகிவிட்டது. விடிந்ததும் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள். வந்தால் காப்பியும் இட்டிலியும் தயாராக இருக்கும். மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி, அல்லது ஆற்று மீன் குழம்பு. துரை வீட்டில் கற்றுக்கொண்ட முட்டைப் புட்டிங் ஒன்று ஞானப்பூ செய்வாள். பாளையங்கோட்டையில் பாதிரியம்மா வீட்டில் தட்டில் பார்த்திருக்கிறாளே தவிர, சாரம்மாள் அதைத் தின்றதில்லை. இரண்டு தரம் வாங்கித் தின்றாள். வாய் அலம்பும்போது, என்ன மனுஷி நான், என்று கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஞானப்பூ குரல் உரத்த பொம்பளை. மேசையில் சாப்பிட வருகிற பெரிய மனிதர்களையே, "அண்ணாச்சி, இலையில சோத்தை வச்சுக்கிட்டு கதை பேசாதேயும்" என்று அதட்டுவாள். ஆனால் சாரம்மாளிடம் மட்டும் அவள் பேச்சில் ஒரு பதனம். தூங்கினால் கதவை மெல்லச் சாத்துவாள். புதிதாக யாராவது வாசலுக்கு வந்தால் முதலில் தானே போய் நிற்பாள். காய்ச்சல்காரி என்று இத்தனை கரிசனமா என்று சாரம்மாளுக்கு ஆச்சரியம்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாள் தம்பி வந்துவிடுவான். மேசையைத் துடைத்துவிட்டு ஞானப்பூ எதிரே உட்கார்ந்து நுங்கு சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போங்களேன்" என்றாள்.

"ஆசைதான். ஆனா வீட்டுல இருக்கணும். இந்த வருசம் ஒருத்தர் வருவாகன்னு நினைக்கேன்."

"ஒருத்தர்னா?"

சாரம்மாள் இதை யாரிடமும் பேசினதில்லை. அந்த நாலைந்து நாள் சாப்பாடும் தூக்கமும் ஆற்றுத் தண்ணீரும் அவளை லேசாக்கியிருந்தன. சொல்லத் தொடங்கினாள்.

"கொழும்புச் சீமையில, அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கம்பவுண்டரா இருக்காக. பேரு இஸ்ரவேல். முந்தி எங்க ஊருல ஆஸ்பத்திரியிலதான் இருந்தாக. என்னைக் கேட்டாக. நாந்தான், எந்தம்பி படிப்பை முடிச்சு ஒரு வேலையில உக்காரட்டும், அதுவரை பொறுங்கன்னேன். சரின்னு சொல்லிட்டு அக்கரைக்குப் போனாக. இப்ப அஞ்சு வருசமாச்சு. தம்பிக்கு வேலையும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு. லீவு கெடைச்சா வாரேன்னு சபையில யார்கிட்டயோ சொல்லிவிட்டிருந்தாக. அதுக்கு மேல ஒரு தாக்கலும் தகவலும் இல்ல."

ஞானப்பூவின் கை நின்றுபோயிருந்தது. சாரம்மாள் கவனிக்கவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"பாக்க ஒண்ணும் பெரிய அழகன் இல்ல. சின்னதுல நாய் கடிச்சு எடது காதுல பாதியைக் காணோம். அதை மறைக்கதுக்குத் தலப்பாவைச் சாச்சுக் கட்டுவாக…"

"யெம்மா" என்றாள் ஞானப்பூ. அந்த உரத்த குரல் எங்கேயோ போய்விட்டது. "நீ பயப்படுத ஆளு அவருதானா?"

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"ஒன் தம்பி சொன்னானே. ஒருத்தன் ஒன்னை ஏமாத்திட்டுப் போயிட்டான், இப்ப திரும்பி வந்து தொந்தரவு பண்ணுதான், அவனைப் பாத்தா அக்காவுக்குப் பழையபடி மனசு கலங்கிரும், யாரும் தேடி வந்தா வாசலோட அனுப்பிருங்க, அக்காகிட்ட மூச்சு விட்டுராதீயன்னு அங்கன கெணத்தடியில நின்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னானே. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொன்னானே, யெம்மா."

சாரம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கினது கொஞ்சம் கொஞ்சமாகத்தான், காலில் முள் ஏறினது வீட்டுக்கு வந்த பிறகு தெரிவதுபோல.

"யாரு வந்தா?" என்று கேட்டாள்.

"நேத்துக் காலையில. நீ துணி அலச ஆத்துக்குப் போயிருந்த. தலப்பாவைச் சாச்சுக் கட்டியிருந்தாரு, கையில கொடை. சாரம்மா இங்கன தங்கியிருக்காளான்னு கேட்டாரு. பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருக்காரு. நீ அவரு வாரது தெரிஞ்சு, மொகத்தைப் பாக்க மனசில்லாம ஊரை விட்டே போயிட்டன்னு ஒன் தம்பி சொன்னானாம். எங்க போயிருக்கன்னு சொல்லல. பள்ளிக்கூடத்து ஆயாகிட்ட விசாரிச்சுட்டு இங்க வந்தாரு. 'தம்பி சொன்னதை நான் நம்பல, அவ வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன்'னாரு."

"நீங்க என்ன சொன்னிய?"

ஞானப்பூ நுங்கையும் கத்தியையும் தள்ளி வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா."

"அவ சொல்லியிருக்கான்னு சொன்னேன். அந்த மனுசன் வந்தா உள்ள விடாதீயன்னு அவளே எங்கிட்டச் சொல்லியிருக்கான்னு. அது ஒன் தம்பி சொல்லச் சொன்னதில்ல. நானாத்தான் சேத்துக்கிட்டேன். அப்பதான் போவாருன்னு. கொஞ்ச நேரம் அங்கன முருங்கை மரத்தடியில நின்னாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். மத்தியான வண்டியில தூத்துக்குடிக்குப் போயி ராக்கப்பல் ஏறணும், லீவு முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

முந்தின நாள் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, வயல் வரப்பில் ஒரு மனிதன் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்து போனதை சாரம்மாள் பார்த்திருந்தாள். இந்த வெயிலில் குடை இருந்தும் பிடிக்காமல் போகிறாரே என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை. துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

ஞானப்பூ தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சாரம்மாளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து அறைக்குள் போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள். இந்தக் கட்டில், அந்த இட்டிலி, மீன் குழம்பு, பதனமாகச் சாத்தின கதவு, எல்லாம் எதற்கு என்று இப்போது தெரிந்தது. அவளை ஊரில் இல்லாமல் ஆக்குவதற்கு. அவள் ஊரில் இல்லை என்பதையே அவளுடைய பதிலாக ஆக்குவதற்கு. இரண்டு தரம் வாங்கித் தின்ற புட்டிங் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்க் கிணற்றடியில் வாந்தியெடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தந்தி ஆபீஸ் இருந்தது. ஞானப்பூவும் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தாள். இஸ்ரவேல் இருந்த தோட்டத்தின் பெயரை சாரம்மாள் மறந்ததில்லை. 'நீங்கள் வந்தது எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சாரம்மாள்' என்று சொன்னாள். தந்தி மாஸ்டர் அதை இங்கிலீஷில் எழுதிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். பட்லரம்மா ஓட்டலில் தங்கியிருக்கிற வாத்திச்சியம்மா என்று அடையாளம் தெரிந்தவர் போல, ஒன்றும் கேட்காமல் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் சொன்னபடி சாலமோன் வந்தான். சிரித்த முகமாகத்தான் வந்தான். எலிசபெத் கொடுத்துவிட்டாள் என்று முறுக்குப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தான். "ஒடம்பு தேறியிருக்கேக்கா, மொகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றான். ஞானப்பூ அவனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"ரயில்ல வந்தது பசியா இருக்கும். மொதல்ல சாப்பிடு" என்றாள் சாரம்மாள்.

இலையை அவளே போட்டாள். சோறும் குழம்பும் அவளே கொண்டு வந்து வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு எதிரே நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவன் சோற்றைக் குழிபறித்துக் குழம்பு ஊற்றித்தான் சாப்பிடுவான். இன்றைக்கும் அப்படியே சாப்பிட்டான். அவன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"இஸ்ரவேல் வந்தாகளா?"

அவன் முகம் ஒரு நிமிஷத்தில் செத்துவிட்டது. உள்ளே அடுக்களைப் பக்கம் பார்த்தான். "அந்தப் பொம்பளை சொன்னாளா?" என்றான்.

"அவுகளை ஏன் சொல்லுத. நீ சொல்லு."

"வந்தாரு. நீ ஊருல இல்லன்னு சொன்னேன். அது நெசந்தானக்கா? நீ ஊருல இல்லல்லா?"

"அவ்வளவுதான் சொன்னியா?"

சாலமோன் விரலால் மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாரம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவனாகவே வெடித்தான்.

"என்னக்கா செய்யச் சொல்லுத? அவரு வாராருன்னு சபையில சொல்லக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. எலிசபெத்துக்கு இது மொதப் பிள்ள. அவ அம்மா ஒரு மாசத்துல ஊருக்குப் போயிருவாக. எனக்கு வீட்டுல ஒண்ணுமே தெரியாது. ஒரு காய்ச்சல்னா என்ன குடுக்கணும்னு தெரியாது. நீ கடல் தாண்டிப் போயிட்டேன்னா நாங்க என்ன ஆவோம்? ஒருத்தர் செத்தாக்கூட மொகத்தைப் பாக்க முடியுமா? ஏற்கெனவே அப்பா இல்ல, அம்மா இல்ல. நீயும் போயிட்டா?" அவன் குரல் உடைந்தது. "ஒன்னை விட்டுக்குடுக்க எனக்கு மனசு வரல."

சாரம்மாள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ஏலே, இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போயிருப்பியே."

"போயிருக்க மாட்டேன்" என்றாள் அவள். "யக்கா, இப்பப் போகாத, எனக்குப் பயமா இருக்குன்னு நீ சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன்லே. அவுகளையும் இன்னும் ரெண்டு வருசம் பொறுங்கன்னு சொல்லியிருப்பேன். நீ கேட்டு நான் எதை இல்லைன்னிருக்கேன்? கேட்டா குடுத்திருப்பேன். நீ களவாண்டுட்டியே."

சாலமோன் மேசையில் கவிழ்ந்து அழுதான். ஆறு வயதில் அழுத மாதிரியே தோள் குலுங்க அழுதான். அவள் கை தன்னால் அவன் தலைப்பக்கம் போனது. பாதியில் நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னை ஏமாத்தினது மட்டும் இல்ல. என் பேரைச் சொல்லியே அவுகளை விரட்ட வச்சிட்ட. ஒனக்காக நன்னி சொல்லி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன், தெரியுமா? தெனமும்."

"மன்னிச்சுருக்கா. வா, வீட்டுக்குப் போவோம்."

"நீ போ."

"ஊருல என்ன சொல்லட்டும்?"

"ஒனக்குத்தான் சொல்லத் தெரியுமே" என்றாள் சாரம்மாள்.

அவன் போனான். முறுக்குப் பொட்டலத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். இசக்கி என்ற வண்டிக்காரன் அந்தப் பக்கமாக வந்தான். "பாளையங்கோட்டை ஐயா ஸ்டேஷன்ல தனியா உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக, யாரும் செத்துட்டாகளா?" என்று கேட்டான். ஞானப்பூ, "ஒன் சோலியைப் பாரும் வே" என்று அனுப்பிவிட்டாள்.

அட்டனிலிருந்து பதில் வருவதற்குச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் சாரம்மாள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு சமயம் தம்பிமேல் ஆத்திரம் வரும், ஒரு சமயம் ஞானப்பூமேல். எல்லாவற்றையும்விட, அஞ்சு வருஷம் காத்திருந்த மனிதர் ஒரு வாசலில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கக் கூடாதா என்று அவர்மேல் வரும். ஆற்றுக்குக் கூப்பிடுகிற தூரம். பேரைச் சொல்லிக் கத்தியிருந்தால் கேட்டிருக்கும். பதில் தந்தி வந்தது: அடுத்த லீவுக்கு ஒரு வருஷம் ஆகும், அப்போது வருகிறேன், அதுவரை இருப்பாயா என்று கேட்டிருந்தது. அவள் இருப்பதாகச் சொல்லிப் பதில் அனுப்பினாள்.

அவள் பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸ்ஸியம்மாவைப் பார்த்து, அம்பாசமுத்திரத்துப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு மாற்றல் கேட்டாள். ஞானப்பூ தன் ஓட்டலிலேயே ஓர் அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். சாரம்மாள் தின்ன மறுத்த நாட்களில் தானும் தின்னாமல் கிடந்தாள். மெல்ல மெல்ல, சொல்லிக்கொள்ளாமலே, இருவருக்கும் சரியாகிவிட்டது. ஞானப்பூ பொய் சொன்னது தன்மேல் வைத்த இரக்கத்தால் என்று சாரம்மாளுக்குத் தெரியும்.

மறுவருஷம் இஸ்ரவேல் வந்தார். அம்பாசமுத்திரத்து வேதக்கோயிலில் பாதிரி ஐயர் கல்யாணத்தை நடத்தி வைத்தார். பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆண்பிள்ளை இடத்தில் ஞானப்பூதான் நடந்தாள். சாலமோனுக்கு யாரோ தாக்கல் சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு பெண் குழந்தை. விருந்துக்கு இருக்காமல் போய்விட்டான். குழந்தைக்குச் சாரா என்று பேர் வைத்திருப்பதாகப் பிறகு தெரிந்தது. சாரம்மாள் அதற்கு ஒரு சட்டை தைத்து, வேறு ஆள் மூலம் கொடுத்துவிட்டாள்.

அட்டனில் வருஷக்கணக்காக இருந்தார்கள். ஒரு நாள் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது அவள் புருஷனிடம் கேட்டேவிட்டாள்: "யாரோ ஒரு பொம்பளை சொன்னதைக் கேட்டு எப்படிப் போனீய? தம்பி சொன்னதை நம்பலன்னுதான வந்தீய?"

இஸ்ரவேல் சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அஞ்சு வருசம் ஒன்னைத் தனியா விட்டுட்டுப் போனவன்லா நான்" என்றார். "வேண்டாம்னு நீ சொல்லியிருந்தா அது ஞாயம்தான்னு எனக்கே பட்டுச்சு. அதான் சத்தம் போடல."

அதற்குமேல் அவரிடம் அவளுக்குக் கோபம் இருக்கவில்லை.

தம்பியையும் மன்னித்துவிட்டதாக ஞானப்பூவிடமும், ஊரிலிருந்து வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் ஆண்டவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. வீட்டு ஜெபத்தில் இருவரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது, எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற அந்த இடம் வந்ததும் அவள் உதடு நின்றுவிடும். இஸ்ரவேல் தனியாக அதைச் சொல்லிக் கடப்பார். அடுத்த வரியில் அவள் சேர்ந்துகொள்வாள். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.